விழித்திருப்பதும் வேலைதான்

(1974 ரயில்வே வேலைநிறுத்த நினைவாக மே மாதம் மும்பையில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மே மாதம் வந்தால் மே 1ஆம் நாளை நாம் மறப்பதில்லை. ஆனால் ரயில்வே தொழிலாளருக்கு இந்த மாதத்தில் இன்னொரு நாளும் உண்டு. அது மே 8. 1974ஆம் ஆண்டு அந்த நாளில்தான் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். இருபது நாள் அந்தப் போராட்டம் நடந்தது. தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், போராட்டம் தொடங்குவதற்கு ஆறு நாள் முன்பே கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள். குவார்ட்டர்சை விட்டுக் குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன. இந்த மும்பையில் மின்சாரத் தொழிலாளரும் போக்குவரத்துத் தொழிலாளரும் டாக்சி ஓட்டுநரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சென்னையில் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளர் ஊர்வலம் போனார்கள்.

அன்று அவர்கள் கேட்டவை என்ன? போனஸ் கேட்டார்கள். அது 1979இல் வந்தது. பஞ்சப்படி கேட்டார்கள். பிற பொதுத்துறைத் தொழிலாளருக்குச் சமமான ஊதியம் கேட்டார்கள். இவற்றோடு எட்டு மணி நேர வேலைநாளையும் கேட்டார்கள். அந்தக் கடைசிக் கோரிக்கையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ரயில்வேயில் ஒரு பகுதித் தொழிலாளருக்கு அது எட்டாத கனியாகவே இருக்கிறது. ஏன் அப்படி? அதன் வேர் ஒரு சட்டச் சொல்லில் இருக்கிறது.

நமக்கும் ரயிலுக்கும்

இதில் நமக்கு என்ன என்று யாரும் கேட்கமாட்டீர்கள். நெல்லைச் சீமையிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் இந்த நகரத்துக்கு வந்தது ரயிலில்தான். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவே நம் வாழ்க்கை தண்டவாளத்தின் ஓரத்திலேயே நடந்திருக்கிறது. பரேல் பணிமனையிலும் மாட்டுங்கா பணிமனையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊர் போகிறோம். கர்ஜத்தில் பின்பக்கம் கூடுதல் எஞ்சின் மாட்டி ரயில் கண்டாலா மலை ஏறுகிறபோது, பிள்ளைகளை எழுப்பிக் குகைகளை எண்ணச் சொல்கிறோம். அந்த மலைப்பாதையை 1856 முதல் 1863 வரை வெட்டினார்கள். வேலை மும்முரமாக நடந்த காலத்தில் 40,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். காலராவிலும் விபத்திலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பாதை போட்டவன் பெயர்தான் இல்லை, அதைக் காக்கிறவன் உழைப்பாவது முழுசாகக் கணக்கில் வருகிறதா? அதுவும் வருவதில்லை.

பாதி நேரம் சும்மா இருக்கிறவன்

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 130ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது ரயில்வே ஊழியரை வேலையின் தன்மைப்படி பிரிக்கிறது. கடும் கவனம் தேவைப்படும் வேலை, தொடர்ந்து நடக்கும் வேலை, விட்டுவிட்டு நடக்கும் வேலை, இவற்றில் சேராத வேலை என்று அந்தப் பிரிவுகள். மூன்றாவதாகச் சொன்னதை ரயில்வேக்காரர்கள் ‘இ.ஐ. டூட்டி’ என்பார்கள்.

யார் இந்த இ.ஐ.? பன்னிரண்டு மணி நேர டூட்டியில் பாதியோ அதற்கு மேலோ ‘செயலற்ற நேரம்’ உள்ளவர். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒரு முறையாவது, அல்லது அரை மணி நேரம் இரண்டு முறையாவது ஓய்ந்திருக்க வேண்டும். அப்போது அவர் உடலுழைப்பும் காட்ட வேண்டியதில்லை, தொடர்ந்த கவனமும் காட்ட வேண்டியதில்லை என்கிறது சட்டம். இதை 72 மணி நேரச் சராசரியில் கணக்கிட வேண்டும்.

132ஆவது பிரிவு அடுத்த கணக்கைச் சொல்கிறது. கடும் கவன வேலைக்கு வாரம் 45 மணி, தொடர் வேலைக்கு 54 மணி. இ.ஐ. வேலைக்கு 75 மணி வரை!

இது எங்கிருந்து வந்தது? 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு எட்டு மணி நேர வேலைநாளை ஏற்றபோது, இந்தியாவுக்கு வாரம் 60 மணி என்று விதிவிலக்கு எழுதிக்கொண்டார்கள். 1930இல் வெள்ளை அரசு ரயில்வே சட்டத்தைத் திருத்தியது. தொடர் வேலைக்கு 60 மணி, விட்டுவிட்டு நடக்கும் வேலைக்கு 84 மணி என்று விதித்தது. பிறகு பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ராஜாத்யக்ஷா நடுவராக இருந்து 1947இல் தீர்ப்பளித்தார். 84 என்பது 75 ஆயிற்று. வெள்ளையன் போய்விட்டான். நீராவி எஞ்சின் போய்விட்டது. சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். ஆனால் அந்த 75 மட்டும் அசையவில்லை.

2005இல் வந்த விதிகளில் இன்னொன்றும் உண்டு. இ.ஐ. ஊழியரின் வாரக் கணக்கு 48 மணி. அதற்கு மேல் கூடுதல் நேரம் சேர்க்கலாம். பொதுவாக 12 மணி. ஆனால் கேட் கீப்பர், காவலாளி போன்றோருக்கும், வேலையிடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குவார்ட்டர்ஸ் கிடைத்தவருக்கும் 24 மணி. ஆக மொத்தம் 72. ஆறு நாளும் பன்னிரண்டு மணி நேரம். வீடு பக்கத்தில் இருந்தால் வேலை நேரம் கூடும் என்கிற நியாயத்தை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்?

கேட்டில் நடப்பது என்ன?

ஒரு கேட் கீப்பரின் செயலற்ற நேரத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

தொலைபேசி மணி அடிக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி வருகிறது என்கிறார். கேட்டை மூடிவிட்டதற்கு அடையாளமாக இருவரும் ‘பிரைவேட் நம்பர்’ பரிமாறிக்கொள்ள வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூடுகிற நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் குனிந்து நுழைவார். லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். இன்னொருவர் ‘வண்டியையே காணோம், திறடா’ என்று வாய்க்கு வந்தபடி ஏசுவார். அடி வாங்கிய கேட் கீப்பர்களும் உண்டு. வண்டி வந்ததும் கொடியோடு நிற்க வேண்டும். ஏதாவது தொங்குகிறதா, அச்சு சூடேறிப் புகைகிறதா, எங்காவது நெருப்புப் பற்றியிருக்கிறதா என்று கடைசிப் பெட்டி வரை பார்க்க வேண்டும். பிறகுதான் கேட்டைத் திறக்க வேண்டும்.

அதற்கப்புறம் அடுத்த மணி அடிக்கும் வரை சட்டப்படி அவர் ‘செயலற்றவர்’. ஆனால் அந்த இடைவேளையில் அவர் தூங்கலாமா? கடைத்தெருவுக்குப் போகலாமா? மணி அடித்தது காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? முடியாது. ஒரு நிமிடம் கண் அசந்தால் அது குற்றம். வேலை போகும், சிறையும் வரலாம். நேரத்தை எண்ணுகிறபோது கவனம் தேவையில்லை என்றும், விபத்து நடந்தபின் கவனக்குறைவு என்றும் சொல்கிறார்கள். ஒரே மனிதனை இரண்டு தராசில் நிறுப்பது நியாயமா, தோழர்களே?

2025 ஜூலை 8ஆம் நாள் கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நம் தாய்மார்களுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கேட் கீப்பர் கைதானார். அவர் செய்த தவறு என்ன என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், நாம் அதில் தலையிட வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாதது. பிணைத்த கேட்டாக இருந்தால், மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். பிணைக்காத இடத்தில் ஒரு மனிதனின் விழிப்பு ஒன்றே காவல். அப்படிப்பட்ட இடத்தில் நிற்கிறவனுக்கு மற்றவனைவிடக் குறைந்த நேரமல்லவா வேலை இருக்க வேண்டும்?

அகலப்பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள். நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் கேட்டில் ஆள் வைத்தால் போதுமா? அந்த ஆளுக்குத் தூக்கமும் வேண்டும்.

தண்டவாளத்தில் நடக்கிறவன்

அடுத்து கேங்மேன். இப்போது காகிதத்தில் ‘டிராக் மெயின்டெய்னர்’. பெயர் மாறியது, சம்மட்டி மாறவில்லை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். இன்றைய தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடை. 13 மீட்டர்த் துண்டு ஒன்று 780 கிலோ. கான்கிரீட் சிலீப்பர் ஒன்று 250 கிலோவுக்கு மேல்.

அந்தக் கூட்டத்தில் கீமேன் என்று ஒருவர் உண்டு. காலையில் சம்மட்டி, ஸ்பேனர், சிவப்புக் கொடி, டெட்டனேட்டர் வெடி எல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புவார். போகும்போது ஒரு தண்டவாளத்தையும் வரும்போது மற்றதையும் பார்த்தபடி தன் எல்லை முழுக்க நடப்பார். கழன்ற கிளிப்பைத் தட்டி இறுக்குவார். எங்காவது தண்டவாளம் விண்டிருந்தால் 600 மீட்டர் தூரத்தில் சிவப்புப் பதாகை கட்ட வேண்டும். 1,200 மீட்டர் தூரம் ஓடிப் போய்ப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி வைக்க வேண்டும். கோடையில் தண்டவாளம் வெயிலில் விரிந்து நெளிகிறதா என்று ஒரு ரோந்து. குளிர்காலத்தில் சுருங்கி வெடிக்கிறதா என்று ராத்திரி ரோந்து. மழைக்காலத்தில் கரை அரிக்கிறதா என்று இன்னொரு ரோந்து. நாம் ரயிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற அதே நேரத்தில், கையில் விளக்கோடு ஒரு மனிதன் கீழே நடந்துகொண்டிருக்கிறான்.

நம் நகரத்தில் லோக்கல் ஓடாத நேரம் நள்ளிரவுக்குப் பின் மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் செய்து முடியாததை ஞாயிற்றுக்கிழமை ‘மெகா பிளாக்’ போட்டுச் செய்கிறார்கள். அன்று வண்டி தாமதம் என்று நாம் முணுமுணுக்கிறோம். அந்த ஞாயிறு நமக்கு விடுமுறை, அவர்களுக்கு அதுதான் வேலைநாள் என்பதை மறந்துவிடுகிறோம்.

கேங் வேலை செய்கிறபோது ஒருவர் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. அவர் லுக்-அவுட் மேன். வண்டி வருகிறதா என்று பார்த்து ஊதல் ஊதுவது மட்டுமே அவர் பணி. வெளியிலிருந்து பார்த்தால் பத்துப் பேர் உழைக்க ஒருவர் சும்மா நிற்பதுபோல் தோன்றும். ஆள் குறைந்தால் முதலில் கை வைக்கத் தோன்றுவதும் அவரிடம்தான்.

ஆள் குறைவு வெறும் பேச்சல்ல. 2023இல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பணியிடங்கள் காலி என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். 1974இல் வேலைநிறுத்தம் செய்தவர்களே 17 லட்சம். இன்று நிரந்தர ஊழியர் மொத்தமே சுமார் 12 லட்சம்தான். மிச்சத்தை ஒப்பந்தத் தொழிலாளர் தலையில் கட்டுகிறார்கள்.

நம் மாநிலமான இந்த மகாராஷ்டிரத்திலேயே நடந்ததைக் கேளுங்கள். 2023 பிப்ரவரி 13ஆம் நாள் விடியற்காலையில் நாசிக் மாவட்டம் லாசல்காவ் அருகே டவர் வேகன் மோதிக் கேங்மேன்கள் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 22ஆம் நாள் இரவு வசை ரோடுக்கும் நாய்காவுக்கும் இடையே, சிக்னல் கோளாறைச் சரிசெய்யப் போன மூன்று ஊழியர்கள் லோக்கல் ரயில் மோதி இறந்தார்கள். மறுநாள் காலையும் லோக்கல்கள் ஓடின. நாமும் ஏறிப் போனோம்.

எஞ்சினில் இருக்கிறவன்

எஞ்சினை ஓட்டுகிற லோகோ பைலட் இ.ஐ. பிரிவில் இல்லை. ஆனால் அவருக்கும் இதே நோய் வேறு வடிவத்தில் உண்டு.

எஞ்சினில் ஒரு விழிப்புக் கருவி இருக்கிறது. 60 விநாடி எந்தக் கைப்பிடியையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும். பிறகு ஒலி எழுப்பும். அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் போடும். ஓட்டுநரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கை நீட்டி, வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். ஆக, கவனம் நிமிடத்துக்கு நிமிடம் அளக்கப்படுகிறது. ஓய்வு மட்டும் அப்படி அளக்கப்படுவதில்லை.

1973இல் லோகோ தொழிலாளர் போராடி, கையெழுத்திட்டு ஏறியதிலிருந்து இறங்கும் வரை பத்து மணி நேரம் என்ற உறுதிமொழியை வாங்கினார்கள். 2016இல் வந்த ரயில்வே வாரிய ஆணை அந்த எல்லையை 11 மணி என்கிறது. வாராந்தர ஓய்வு 30 மணி. வண்டி ஓட்டிவிட்டு வந்தவருக்குத் தலைமையிடத்தில் 16 மணி ஓய்வு. இரண்டும் சேர்ந்து 46 மணி என்கிறார்கள் தொழிலாளர்கள். இல்லை, அந்த 16 இந்த 30க்குள் அடக்கம் என்கிறது நிர்வாகம். நாம் கேட்கிறோம்: சனிக்கிழமை இரவு தூங்கினாய் அல்லவா, அதனால் ஞாயிறு விடுமுறையில் அதைக் கழித்துக்கொள்கிறேன் என்று நம் முதலாளி சொன்னால் ஒத்துக்கொள்வோமா? இந்தக் கணக்கைத் தீர்க்கச் சொல்லித்தான் 2024 ஜூனில் தென்னக ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடினார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பறை இல்லை என்பதைத் தாய்மார்கள் நினைத்துப் பாருங்கள்.

அதே 2024 ஜூன் 17ஆம் நாள் வங்காளத்தில் ரங்கபாணி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. அன்றே, விசாரணை தொடங்கும் முன்பே, சிக்னலை மீறியவர் என்று சரக்கு ரயில் ஓட்டுநர் மீது பழி விழுந்தது. அவர் விபத்தில் இறந்துபோயிருந்தார், பதில் சொல்ல முடியாது. பிறகு வந்த பாதுகாப்பு ஆணையர் அறிக்கை என்ன சொன்னது? பழுதான சிக்னல்களைக் கடந்து போகக் கொடுத்த அனுமதிச் சீட்டிலும், ஊழியருக்கு அளித்த பயிற்சியிலும் பல மட்டங்களில் குறை இருந்தது என்று சொன்னது. முதல் நாள் பழி எல்லார் காதிலும் விழுந்தது. அறிக்கை சொன்னது எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிர்க்கேள்விகள்

சிலர் கேட்கிறார்கள்: ‘கேட்டில் உட்கார்ந்திருப்பதற்கு மூன்று ஷிப்ட் போட்டால் செலவு யார் கொடுப்பது?’ தீயணைப்பு நிலையத்தில் தீப்பிடிக்காத நேரமே அதிகம். அதற்காக அங்கே சம்பளத்தைக் குறைக்கிறோமா? தீ எப்போது பிடிக்கும் என்று தெரியாததால்தான் அவர்களை வைத்திருக்கிறோம்.

இன்னொரு கேள்வி நேர்மையானது. ஊருக்கு ஒதுக்குப்புறமான கேட்டில் வேலை செய்கிற சிலரே பன்னிரண்டு மணி நேரம் இருக்கட்டும் என்று சொல்வதுண்டு. பஸ் இல்லாத இடத்துக்கு அகால நேரத்தில் ஷிப்ட் மாற எப்படிப் போவது என்பது அவர்கள் கவலை. அது நியாயமான கவலை. அதற்கு வாகனமும் தண்ணீரும் கழிப்பறையும் கொடுப்பதுதான் பதில். வசதி இல்லாததைக் காட்டி நேரத்தை நீட்டுவது பதிலாகாது.

நம்மில் எத்தனை பேர் வாட்ச்மேன் வேலை பார்க்கிறோம்! எத்தனை சகோதரிகள் முதியவர்களுக்குத் துணையாக இரவு தங்கி வேலை பார்க்கிறார்கள்! ‘சும்மாதானே இருக்கிறாய்’ என்ற சொல்லை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ரயில்வேயில் அந்தச் சொல் சட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய அரசு நிறுவனங்களில் ஒன்று விழித்திருப்பதை வேலை என்று ஒப்புக்கொண்டால், மற்ற முதலாளிகளிடமும் நாம் தலைநிமிர்ந்து கேட்க முடியும்.

நாம் கேட்பவை

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். கேட் கீப்பர் அனைவருக்கும் எட்டு மணி நேர ஷிப்ட் வேண்டும். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட்டுகளில் அதை முதலில் கொண்டுவர வேண்டும். குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருப்பதைக் காட்டி 24 மணி கூடுதலாக வாங்குகிற விதியை நீக்க வேண்டும். தண்டவாளத்தில் வேலை செய்கிற ஒவ்வொரு கேங்கிலும் வேறு வேலை தராத லுக்-அவுட் மேன் இருக்க வேண்டும், காலியிடங்களை நிரந்தர ஊழியரைக் கொண்டு நிரப்ப வேண்டும். லோகோ பைலட்டுக்கு வாராந்தர ஓய்வைத் தனியாகவே கணக்கிட வேண்டும்.

இவற்றை எழுதி இந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம். நம் ஊர்த் தொகுதி உறுப்பினர்களுக்கும் தமிழில் எழுதுவோம். கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. சங்கத்தில் சேராதவர்களும் கையெழுத்திடலாம்.

1974இல் போராடியவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுக்கு மாலை போடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர்கள் கேட்டு முடிக்காத கேள்வியை நாம் தொடர்ந்து கேட்போம்.